தண்டு, கட்டை, பட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் மரம் பார்க்க வருவோருடன் பல ஆண்டுகளாக நடந்திருக்கிறேன். இலையைப் பற்றியும் பூவைப் பற்றியும் கேட்பவர்கள் முதல் நாளே கேட்டுவிடுவார்கள். தண்டைப் பற்றிய கேள்விகள் மட்டும் யாராவது ஒருவர் வெட்டுண்ட அடிமரத்தின் முன் நின்றுவிடும்போதுதான் எழுகின்றன. அப்படி எழுந்தவற்றுள் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். மரத்தின் பெரும்பகுதி உயிரற்றது என்பதையும், உயிருள்ள பகுதி பட்டைக்கு அடியில் மெல்லிய உறைபோல் இருக்கிறது என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால் இவற்றுள் பாதிக்கு நீங்களே விடை சொல்லிவிடுவீர்கள்.

தண்டு என்று எதைச் சொல்கிறோம்? நிமிர்ந்து நிற்பதெல்லாம் தண்டுதானா?

இல்லை. இலையும் அரும்பும் தோன்றும் கணுக்களையும், இரண்டு கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதியையும் உடைய உறுப்பே தண்டு. அது மண்ணுக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது அடையாளமாகாது. உருளைக்கிழங்கின் 'கண்' என்று நாம் சொல்வது அரும்பு. ஆகவே உருளைக்கிழங்கு தண்டு. இஞ்சியிலும் மஞ்சளிலும் கணுக்களை வளையம் வளையமாகவே பார்க்கலாம். சர்க்கரைவள்ளிக்கிழங்கில் அவை இல்லை, அது வேர்.

வாழை இன்னும் வேடிக்கையானது. நாம் வாழைமரம் என்று கட்டித் தழுவுவது ஒன்றையொன்று பற்றிச் சுருண்ட இலையடிகளின் கூட்டம். அதன் மெய்யான தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. அந்தக் கிழங்கின் நுனி, பூக்கும் பருவத்தில் இலையடிகளின் நடுவே துளைத்துக்கொண்டு மேலேறிக் குலை தள்ளுகிறது. அப்படி மேலேறிய பகுதியைத்தான் பொரியலுக்கு வாங்குகிறோம். ஆக, வாழைத்தண்டு என்ற பெயர் சரியானது. வாழைமரம் என்ற பெயர்தான் தவறானது.

இளந்தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே என்ன தெரியும்?

வெளியே ஒற்றை அடுக்காகப் புறத்தோல். அதன்மேல் நீர் ஆவியாகாமல் காக்கும் மெழுகுத்தன்மையுள்ள கியூட்டிக்கிள். அடுத்தது புறணி. புறணியின் வெளிப்பகுதியில் மூலைகள் தடித்த செல்களாலான கோலன்கைமா இருக்கும். வளைந்தும் ஒடியாத தன்மையை இளந்தண்டுக்குத் தருவது அதுதான். மாடத்துத் துளசியின் தண்டை விரலிடையில் உருட்டிப் பாருங்கள்: அது உருளாது, நான்கு மூலைகள் தட்டுப்படும். அந்த நான்கு மூலைகளிலும் கோலன்கைமா திரண்டிருக்கிறது.

புறணிக்கு உள்ளே, இருவித்திலைத் தாவரங்களில், வாஸ்குலார் கற்றைகள் வளையமாக அமைந்திருக்கும். ஒவ்வொரு கற்றையிலும் நீரைக் கடத்தும் சைலம் உட்புறமாகவும், இலையில் உருவான சர்க்கரையைக் கடத்தும் புளோயம் வெளிப்புறமாகவும், இரண்டுக்கும் நடுவே, பிரிந்து புதிய செல்களை உண்டாக்கும் திறன் மாறாத கேம்பியமும் இருக்கும். மையத்தில் பஞ்சுபோன்ற பித். தட்டைப்பயறுக் கொடியிலும் காசித்தும்பையிலும் இதைக் கைக்கண்ணாடி கொண்டே பார்த்துவிடலாம்.

ஒருவித்திலைத் தாவரங்களில் இந்த ஒழுங்கு இல்லை. கற்றைகள் தண்டெங்கும் சிதறிக் கிடக்கும். விளிம்பை நெருங்க நெருங்க அவை மிகுந்து நெருங்கும். அவற்றில் கேம்பியம் இராது. இதற்குக் கரும்புச்சாற்று வண்டியைவிட நல்ல வகுப்பறை கிடையாது. உருளைகளுக்கிடையே நசுங்கிச் சாறாக வடிவது, சர்க்கரையைச் சேமித்திருந்த பாரன்கைமா செல்களின் உள்ளடக்கம். மறுபக்கம் சக்கையாக வெளியே வரும் நாரெல்லாம், தடித்த நார்ச்செல்களை உறையாகப் போர்த்திய வாஸ்குலார் கற்றைகள்.

வாழைத்தண்டை நறுக்கும்போது வரும் நூல் என்ன?

இளம் பகுதியில் உருவாகும் சைலக்குழாய்கள், தண்டு நீளும்போது கிழியாமல் தாமும் நீள வேண்டியிருப்பதால், சுவர் முழுவதும் தடிக்காமல் உட்புறம் சுருள்கம்பிபோல் மட்டும் தடிக்கின்றன. வில்லையை விலக்கும்போது குழாய் அறுந்துவிடுகிறது. சுருள் மட்டும் பிரிந்து நூலாக நீள்கிறது. தாமரைத்தண்டை ஒடித்தால் வருவதும் இதே நூல்தான். மோரில் விரலை விட்டுச் சுழற்றி அதை எடுக்கும் நம் பாட்டிமார்கள், தாவரவியல் மாணவர் நுண்ணோக்கியில் தேடும் சுருள் தடிப்பைத்தான் விரலில் சுற்றியெடுத்தார்கள்.

பனையும் தென்னையும் மரங்களா?

இதற்குத் தமிழில் மிகப் பழைய விடை இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், வெளியே காழ் உடையவற்றைப் புல் என்றும், உள்ளே காழ் உடையவற்றை மரம் என்றும் பிரிக்கிறது. காழ் என்பது வயிரம், அதாவது கெட்டிப்பகுதி. அந்தக் கணக்கில் பனை, தென்னை, மூங்கில் எல்லாம் புல். இன்றைய தாவரவியலும் மூங்கிலைப் புல் குடும்பத்தில்தான் வைக்கிறது; பனையும் தென்னையும் வேறு குடும்பம் என்றாலும், புல்லைப் போலவே ஒருவித்திலைத் தாவரங்கள். வெட்டிப் பார்த்தவர்கள் சொன்ன பாகுபாடு என்பதில் எனக்கு ஐயமில்லை.

பனையில் கற்றைகள் விளிம்பில் நெருங்கி, அவற்றின் நாருறை கெட்டிப்பட்டுப்போவதால் வெளிப்பகுதி இரும்பாகவும் நடுப்பகுதி சோறாகவும் இருக்கும். கூரைக்குப் பனங்கை அறுப்பவர்கள் வெளிப்பகுதியை எடுத்துக்கொண்டு நடுவைக் கழித்துவிடுவது அதனால்தான். கேம்பியம் இல்லாததால் தென்னை ஆண்டுதோறும் பருப்பதில்லை. கன்றாக இருக்கும்போதே அடிப்பருமனை ஏறக்குறைய முடித்துக்கொண்டு, பிறகுதான் உயரம் போகிறது. ஏறுவதற்கு வெட்டிய கொத்து மரம் இருக்கும்வரை மூடாமல் இருப்பதும் இதே காரணத்தால்தான். புதிய புளோயத்தை உண்டாக்க வழியில்லாத பனைகளின் அடிப்பகுதியில், சர்க்கரை கடத்தும் செல்கள் பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து அதே வேலையைச் செய்கின்றன. வேம்பிலோ புங்கத்திலோ இதை நினைத்தே பார்க்க முடியாது.

அப்படியானால் வேப்பங்கன்றின் பச்சைத்தண்டு எப்படிக் கட்டையாகிறது?

கற்றைகளுக்குள் இருக்கும் கேம்பியமும், கற்றைகளுக்கு இடையே புதிதாகத் தோன்றும் கேம்பியமும் கைகோத்து முழு வளையமாகின்றன. இந்த வளையம் உள்நோக்கிச் சைலத்தையும் வெளிநோக்கிப் புளோயத்தையும் பிரசவிக்கிறது. உள்ளே தள்ளப்படும் சைலம் அளவிலும் மிகுதி. கெட்டியானது என்பதால் அப்படியே நிலைத்தும் விடுகிறது. அதுவே கட்டை. வெளியே தள்ளப்படும் புளோயம் மென்மையானது. பின்னால் வரும் புதிய புளோயம் நெருக்க நெருக்க, பழையது நசுங்கிப் பட்டையோடு போய்விடுகிறது. ஆகவேதான் ஐம்பது வயது மரத்தில் கட்டை கைக்கடங்காத பருமனிலும் பட்டை விரல் பருமனிலும் இருக்கின்றன.

சைலச் செல்கள் வேலைக்குத் தயாராகும்போதே இறந்துவிடுகின்றன. சுவர்களில் செல்லுலோசுக்கு இடையே லிக்னின் படிந்து கெட்டியாகிறது. உள்ளிருந்த உயிர்ப்பொருள் அழிந்து வெற்றுக்குழாய் எஞ்சுகிறது. குறுக்குச்சுவர் கரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக இணைந்த சைலக்குழாய்கள், நீண்டு கூம்பிய டிரக்கீடுகள், தாங்குவதற்கென்றே உள்ள நார்கள் ஆகிய மூன்றும் சாகாமல் பயன்படுவதில்லை. கட்டையில் உயிரோடிருப்பது பாரன்கைமா மட்டுமே. அது மையத்திலிருந்து ஆரம்போல் விரியும் கதிர்களிலும், குழாய்களை ஒட்டியும் மாவுச்சத்தைச் சேமித்து வைத்திருக்கும்.

சிறுவயதில் தோளுயரத்தில் அடித்த ஆணி இப்போது எங்கே இருக்கும்?

அதே உயரத்தில், ஆனால் கட்டைக்குள் புதைந்து. உயரம் கூடுவது நுனியில் மட்டுமே. நடுமரம் பருக்குமே தவிர நீளாது.

பட்டை என்பது சரியாக எதுவரை?

கேம்பியத்துக்கு வெளியே இருப்பதெல்லாம் பட்டை. அதில் இரண்டு பகுதிகள் உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் குழப்பம் வருகிறது.

உட்பட்டை என்பது உயிருள்ள புளோயம். சல்லடைக்குழாய்களும், உட்கரு இல்லாத அவற்றை இயக்கும் துணைசெல்களும் அதில்தான் இருக்கின்றன. சணல்நார் என்பது சணல் தண்டின் புளோய நார். பிரியாணிக்குப் போடும் பட்டை, இலவங்க மரத்தின் மேற்பட்டையைச் சுரண்டிவிட்டு உரித்த உட்பட்டை. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வடிப்பதும் உட்பட்டையில் உள்ள பால்குழாய்களிலிருந்துதான். கத்தி கேம்பியத்தைத் தொடாமல் அதற்கு ஒரு மயிரிழை முன்னே நிற்கவேண்டும் என்பதே அந்தத் தொழிலாளியின் திறமை. தொட்டுவிட்டால் அவ்விடத்தில் பட்டை ஒழுங்காக மறுபடி வளராது.

வெளிப்பட்டை வேறு. தண்டு பருக்கும்போது புறத்தோல் கிழிந்துவிடும் என்பதால், புறணியில் தக்கை கேம்பியம் என்ற இரண்டாவது வளர்திசு தோன்றி, வெளிநோக்கித் தக்கைச் செல்களை அடுக்குகிறது. இவற்றின் சுவரில் சூபரின் என்ற மெழுகுப்பொருள் படிவதால் நீரும் காற்றும் புகா, செல்களும் இறந்துவிடுகின்றன. 1665-இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் கண்டு 'செல்' என்று பெயரிட்டது இப்படிப்பட்ட இறந்த தக்கை அறைகளைத்தான். போர்ச்சுகலில் தக்கை ஓக் மரங்களை ஒன்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை உரிக்கிறார்கள். உட்பட்டையை விட்டுவிட்டுத் தக்கையை மட்டும் எடுப்பதால் மரம் சாவதில்லை.

காற்றுப் புகாத போர்வைக்குள் இருக்கும் உயிர்ச்செல்கள் மூச்சுவிட, தக்கையில் ஆங்காங்கே தளர்வான திட்டுகள் இருக்கும்; அவை பட்டைத்துளைகள். பட்டையின் முகம் மரத்துக்கு மரம் வேறுபடுவதற்குக் காரணம் தக்கை கேம்பியம் எங்கே, எத்தனை முறை புதிதாகத் தோன்றுகிறது என்பதே. வேம்பில் அது பழைய பட்டையை விடாமல் பிளவுகளாக்குகிறது. கொய்யாவில் மெல்லிய ஏடுகளாக உதிர்த்துவிட்டு, அடியில் பச்சைநிறத்தைக் காட்டுகிறது. அந்தப் பச்சை பச்சையமேதான்.

பட்டையை வளையமாக உரித்தால் மரம் ஏன் சாகிறது? உடனே சாகவில்லையே?

உடனே சாகாது என்பதில்தான் விடையே இருக்கிறது. சைலம் உள்ளே பத்திரமாக இருப்பதால் நீர் மேலே போய்க்கொண்டே இருக்கும். இலைகள் வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில் பசுமையாக நிற்கும். ஆனால் புளோயம் அறுபட்டதால் இலையிலிருந்து சர்க்கரை வேருக்கு இறங்காது. வேர் தன் சேமிப்பைத் தின்று தீர்த்தபின் பட்டினியால் சாகிறது. அதன்பிறகு மரம் சாகிறது. இதற்கிடையே உரித்த வளையத்துக்கு மேலே பட்டை வீங்கியிருக்கும். இத்தாலியரான மார்செல்லோ மால்பிகி பதினேழாம் நூற்றாண்டிலேயே இந்த வீக்கத்தைச் சோதனையாகச் செய்து பார்த்தார். நம் நர்சரிக்காரர்கள் கொய்யாவிலும் மாதுளையிலும் விண்பதியம் போடும்போது நம்பியிருப்பதும் இதே வீக்கத்தைத்தான்: சர்க்கரை தேங்கும் இடத்தில் ஈரப்பாசியைக் கட்டினால் வேர் விடும்.

சென்னைத் தெருக்களில் மரத்தை வளையமாக உரிக்க யாரும் அரிவாள் எடுத்து வருவதில்லை. கன்றுக்கு வைத்த இரும்புக்கூண்டை எடுக்க மறந்துபோவதும், கேபிள் கம்பியையும் தட்டிகளின் கட்டுக்கம்பியையும் சுற்றிவிட்டுப் போவதும் அதே வேலையை மெதுவாகச் செய்கின்றன. மரம் பருக்கப் பருக்கக் கம்பி உட்பட்டையை நெரிக்கும். கம்பிக்கு மேலே தண்டு பருத்தும் கீழே மெலிந்தும் இருந்தால் அந்தக் கம்பியைத் தாமதிக்காமல் வெட்டிவிடுங்கள். ஏற்கெனவே கட்டை மூடிக்கொண்ட கம்பியைத் தோண்டி எடுக்க வேண்டாம்.

இறந்த குழாய்கள் நீரை எப்படி உச்சிக்கு ஏற்றுகின்றன?

ஏற்றுவது குழாயல்ல, இலை. இலைத்துளை வழியே நீர் ஆவியாகும்போது, அடுத்துள்ள நீரை அது இழுக்கிறது. நீர்மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றியிருப்பதால் அந்த இழுப்பு வேர்வரை எட்டுகிறது. 1894-இல் அயர்லாந்து அறிவியலாளர்களான டிக்சனும் ஜோலியும் முன்வைத்த இந்த விளக்கமே இன்றும் நிற்கிறது. மேலேயிருந்து உறிஞ்சும் எந்தப் பம்பும் பத்து மீட்டருக்கு மேல் நீரை ஏற்றாது. கலிபோர்னியாவின் ரெட்வுட் மரங்களோ 115 மீட்டருக்கு மேலும் ஏற்றுகின்றன. இவ்வளவு இழுவிசையில் குழாய் உள்நோக்கி நசுங்காமல் இருக்கவே லிக்னின் தடிப்பு. புளோயத்தில் நடப்பது இழுப்பல்ல, தள்ளல்: சர்க்கரை மிகுந்த இடத்தில் நீர் புகுந்து அழுத்தம் கூட, சாறு சர்க்கரை செலவாகும் இடத்துக்குத் தள்ளப்படுகிறது.

ஆசாரி 'வெளிறு' என்று ஒதுக்குவதும் 'வைரம் பாய்ந்தது' என்று எடுப்பதும் எதை?

கேம்பியத்தை ஒட்டிய புதுக்கட்டை வெளிறு. நீர் ஓடுவது அதில்தான். அதன் பாரன்கைமாவில் மாவுச்சத்து இருப்பதால் பூச்சிக்கும் அது விருப்பமான உணவு. உளுப்பது முதலில் அதுவே. கட்டை உள்ளே போகப் போகக் குழாய்கள் வேலையை நிறுத்துகின்றன. அருகிலுள்ள பாரன்கைமா செல்கள் சாகுமுன் தம் மாவுச்சத்தைப் பிசின், டானின், எண்ணெய், நிறப்பொருள் என்று மாற்றிச் சுற்றிலும் ஊட்டுகின்றன. பல மரங்களில் குழாய்க்குள்ளேயே பலூன்போல் புடைத்து டைலோஸ்களாக அடைத்துக்கொள்கின்றன. அதுதான் வைரம். செம்மரத்தின் சிவப்பும், கருங்காலியின் கருமையும், சந்தனத்தின் மணமும் வைரத்தில்தான். சந்தன மரத்தின் வெளிறை முகர்ந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

வைரம் முழுவதும் உயிரற்றது என்பதால், நடுவில் பொந்து விழுந்த மரம் இருபுறமும் தழைத்துக்கொண்டு நிற்பதில் வியப்பில்லை. மரத்தில் பொந்து கண்டவுடன் வெட்டவேண்டும் என்று மனுக் கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். வளைவைத் தாங்குவதில் வெளிச்சுற்றின் பங்கே மிகுதி. எஞ்சிய சுவரின் பருமனைத் தட்டிப் பார்த்து, வேர்ப்பகுதியையும் பார்த்த பிறகே அதை முடிவுசெய்ய வேண்டும்.

வளையத்தை எண்ணி மரத்தின் வயதைச் சொல்லலாமா?

தேக்கில் சொல்லலாம். ஒவ்வொரு வளர்பருவத் தொடக்கத்திலும் அது பெரிய குழாய்களை வரிசையாக உண்டாக்குவதால் வளையம் வெறுங்கண்ணுக்கே தெரியும். குளிர்நாட்டு மரங்களில் இந்த எண்ணிக்கையை ஒரு துறையாகவே வளர்த்தவர் அமெரிக்க வானியலாளர் ஏ. ஈ. டக்ளஸ். சென்னையின் நிலை வேறு. இங்கே வளர்ச்சியை முழுமையாக நிறுத்தும் குளிர் இல்லை. தென்மேற்குப் பருவமழை கொஞ்சமும், அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவமழை மிகுதியுமாகப் பெய்கின்றன. இடையில் ஒரு கோடைமழை வந்தாலும் மரம் துளிர்த்துவிடும். வேம்பு போன்றவற்றில் வளையம் தெளிவாக இராது. இருந்தாலும் ஒன்று ஓராண்டைக் குறிக்கும் என்று உறுதி கூற முடியாது. அடையாறு முகத்துவாரத்தில் வளரும் அலையாத்தி மரமான வெண்கண்டலில் அழகான வளையங்கள் தெரியும். ஆனால் அது கேம்பியத்தை ஒன்றன்பின் ஒன்றாகப் புதிது புதிதாக உண்டாக்கும் வகை. மதில்களில் படரும் காகிதப்பூவும் அப்படியே. அந்த வளையங்களுக்கும் ஆண்டுகளுக்கும் தொடர்பில்லை.

சவுக்கு ஊசியிலை மரமா? அதன் கட்டை மென்கட்டையா?

இரண்டும் இல்லை. அது பூக்கும் தாவரம். ஊசிபோல் தெரிவது பச்சைநிறச் சிறுகிளை. மென்கட்டை என்பது பைன் போன்ற கூம்புத்தாவரங்களின் கட்டைக்கு மரபாக வழங்கும் பெயர். அதில் குழாய்கள் இல்லாமல் டிரக்கீடுகளே இருக்கும். கெட்டித்தன்மைக்கும் அந்தப் பெயருக்கும் நேரடித் தொடர்பில்லை. பஞ்சுபோன்ற பால்சாவும் வகைப்பாட்டில் வன்கட்டைதான்.

முருங்கையும் பப்பாளியும் ஏன் எளிதில் முறிகின்றன?

முருங்கைக்கட்டையில் நார் குறைவு, பாரன்கைமா மிகுதி. விரைவாக வளர்வதற்கு அது கொடுக்கும் விலை. பப்பாளியில் கட்டை என்று சொல்லத்தக்கதே அரிது. சைலம் பெரும்பாலும் லிக்னின் ஏறாத மென்செல்கள், நடுவில் வெற்றிடம். அதை நிமிர்த்தி வைத்திருப்பவை செல்களின் நீரழுத்தமும், பட்டையில் வலைபோல் பின்னியிருக்கும் புளோய நார்களும். காய்ந்துபோன பப்பாளித்தண்டில் அந்த வலை மட்டும் எஞ்சியிருப்பதைக் கொல்லைகளில் பார்க்கலாம்.

புயலில் சாய்ந்த மரங்களின் தண்டு பலவீனமானதா?

2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்த மறுநாள் நான் பார்த்த பெருங்கொன்றைகளில் பல, தண்டு முறியாமல் வேரோடு புரண்டவை. அங்கே குற்றம் தண்டின்மேல் இல்லை. நடைபாதைக் கான்கிரீட்டுக்கும் மழைநீர்க் கால்வாய்க்கும் இடையே வேருக்கு இடமில்லாமல் போனதன்மேல். தண்டு தன்னைச் சரிசெய்துகொள்ளவே முயலும். சாய்ந்து நிற்கும் பூக்கும் மரத்தின் மேற்பக்கத்தில், இழுவிசை தரும் தனிவகை நார்களைக் கேம்பியம் உண்டாக்கித் தண்டை நிமிர்த்தப் பார்க்கிறது. அத்திக் குடும்பத்து விழுதுகளிலும் இவ்வகை நார்கள் உண்டு. மண்ணைத் தொட்டபின் விழுது கம்பிபோல் விறைப்பது அதனால்தான். விழுது வேர்தான், ஆனாலும் கேம்பியத்தால் பருத்து, சொந்தக் கட்டையும் பட்டையும் பெற்று அடிமரமாகவே ஆகிவிடுகிறது. 1989-இல் புயலில் அடையாறு ஆலமரத்தின் தாய்மரம் விழுந்தபின்னும் அந்த ஆல் இன்றும் நிற்பது இப்படித்தான்.

கிளையை எங்கே வெட்டவேண்டும்? தார் பூசவேண்டுமா?

மரத்துக்குப் புண் ஆறுவதில்லை, மூடிக்கொள்கிறது. காயம்பட்ட கட்டையைப் புதுப்பிக்க முடியாமல், அதைச் சுற்றி வேதித்தடைகளை எழுப்பித் தனிமைப்படுத்திவிட்டு, வெளியே புதுக்கட்டையால் போர்த்துகிறது. 1970-களில் அமெரிக்கரான அலெக்ஸ் ஷிகோ ஏராளமான மரங்களை நெடுக அறுத்துப் பார்த்து இதைத் தெளிவாக்கினார். தார், பெயின்ட் எதுவும் அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவர் ஆய்வுகளில் வெளிப்பட்டது.

கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் கழுத்துப்பட்டைபோல் ஒரு புடைப்பு இருக்கும். தடைகளை எழுப்பும் திசு அதில் இருப்பதால், அந்தப் புடைப்பை ஒட்டி, அதற்கு வெளியே வெட்டவேண்டும். அடிமரத்தோடு வழித்தெடுப்பதும் தவறு, முழநீளக் குச்சத்தை விட்டுவைப்பதும் தவறு. கனத்த கிளையாயின் முதலில் ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கத்தில் கால்பங்கு ஆழத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்குங்கள். கீழ்வெட்டு இல்லாமல் மேலிருந்து மட்டும் அறுத்தால், கிளை தன் எடையில் முறியும்போது அடிமரத்தின் பட்டையையும் கேம்பியத்தோடு கிழித்துக்கொண்டு போகும். எஞ்சிய குச்சத்தைக் கையால் தாங்கிப் பிடித்தபடி, கடைசி வெட்டைப் புடைப்பை ஒட்டிப் போடலாம்.